கிருமிக் கணக்கும் கிணற்று நீரும்

கண்ணுக்குப் புலனாகாத உயிர்களைக் கண்ணாற் கண்டு எண்ணலாகும்படி செய்தமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் அருஞ்செயல்களுள் ஒன்றாகும். சிறிதளவு நீரை உறைந்த உணவுக் கூழின்மேற் பரப்பி, உடற்சூட்டில் ஒரு நாள் வைத்திருப்பின், அந்நீரிலிருந்து ஆங்கு வளரவல்ல ஒவ்வொரு கிருமியும் பல்கிப் பெருகிக் கடுகினும் சிறிய ஒரு புள்ளியாகத் தோன்றும். ஆங்கிலத்தில் காலனி என வழங்கும் அப்புள்ளியை நாம் கூட்டம் என்போம். கூட்டங்களை எண்ணினால் கிருமிகளின் தொகை ஒருவாறு பெறப்படும்.

இம்முறையை நெறிப்படுத்தியவர் ஜெர்மானிய அறிஞராகிய இராபர்ட் காக். அவர் முதலிற் கையாண்ட ஜெலட்டின் கூழ் வெயிற்காலத்தில் உருகிவிடும். நம் தென்காசிச் சீமையின் சித்திரை மாதத்தில் அஃது ஒரு நாழிகையும் நில்லாது. அவ்விடர்ப்பாட்டை 1881-இல் நீக்கியவர், காக்கின் சோதனைச்சாலையிற் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவியாராகிய பேனி ஹெஸ்ஸே அம்மையார். தம் சமையலிற் சேர்த்துவந்த அகர் என்னும் பாசிச் சத்தை அவர் எடுத்துக் காட்டினார். நம் கடைகளிற் கடற்பாசி என்று விற்பதும், நோன்புக் காலத்தில் இஸ்லாமிய அன்பர்கள் இனிப்பாகச் செய்து நமக்கு அளிப்பதும் அதுவே. மண்டபம் கடற்கரையிற் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியினின்றும் அச்சத்து இன்றும் இறக்கப்படுகின்றது. உலகப் புகழ்பெற்ற ஆராய்ச்சியின் அடித்தளம் ஓர் அடுக்களையிலிருந்து வந்தது என்பதை நம் கல்லூரி மாணவியர் அறிதல் நன்று. பின்னர் 1887-இல் பெட்ரி என்பார் மூடியோடு கூடிய தட்டை அமைத்தார்.

நிற்க. இக்கூட்டங்களை எண்ணுதல் சலிப்புத் தரும் வேலை. ஒரு தட்டில் முப்பதுக்குக் குறையாமலும் முந்நூற்றுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளும் விதி. தட்டுக்கள் நாற்பது ஐம்பது ஆனால் கண் மயங்கும், கை ஓயும், எண்ணியதையே மீண்டும் எண்ணுவோம். ஆதலின் 1950-களிலேயே இவ்வேலையைத் தானே செய்யும் யந்திரங்கள் தோன்றின. இன்றோ ஒளிப்படக் கருவியும் கணிப்பொறியும் சேர்ந்து, தட்டைப் படமெடுத்து, ஒரு நொடியில் எண்ணைச் சொல்லிவிடுகின்றன. இத்தகைய யந்திரம் ஒன்றை நம் துறைக்கும் வாங்கவேண்டும் என்ற பேச்சு எழுந்துள்ளது. ஊர்களின் குடிநீரை ஆராய அது பெரிதும் பயன்படும் என்று அதற்குக் காரணமும் கூறப்படுகின்றது. இக்காரணத்தையே ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகின்றேன்.

குடிநீருக்கென இந்திய அரசின் தர நிர்ணயம் வகுத்துள்ள அளவு யாது? நூறு மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை என்னும் குடற்கிருமி ஒன்றேனும் காணப்படலாகாது என்பதே. சுழியத்தை எண்ணுவதற்கு யந்திரம் எதற்கு? தட்டில் ஒரு கூட்டம் தோன்றினும் அந்நீர் ஆகாது. முப்பது தோன்றினும் ஆகாது. முதல் வகுப்புச் சிறுவனும் சொல்லிவிடக்கூடிய விடைக்குப் பல்லாயிரம் ரூபாய் செலவிடுதல் பொருந்துமா என்று அன்பர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

யந்திரம் மிச்சப்படுத்துவது எண்ணும் நிமிடங்களையே. கிருமி வளர்வதற்கு வேண்டிய ஒரு நாளை அது குறைக்கமாட்டாது. மேலும், நூறு கூட்டங்கள் உள்ள தட்டை எவ்வளவு திருத்தமாக எண்ணினாலும், அதே நீரினின்றும் எடுத்த வேறொரு தட்டில் எண்பதும் இருக்கலாம், நூற்றிருபதும் இருக்கலாம். அது தற்செயலின் விதி. எண்ணுவோன் மூன்றைத் தவறவிட்டான் என்பதனால் உலகம் கெட்டுவிடாது.

பிழை வேறோரிடத்தில் நுழைகின்றது. மேற்குமலை அடிவாரத்து இராயகிரியை எடுத்துக்கொள்வோம். அவ்வூரிலுள்ள ஒரு கிணற்றின் நீர், நகரத்துச் சோதனைச்சாலைக்குப் பேருந்தில் வரவேண்டும். எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் சோதித்தல் சிறப்பு; இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேற் செல்லலாகாது; இடையிற் பனிக்கட்டியிடை வைத்துக் குளிர்ச்சியாகக் காத்தல் வேண்டும். வெயிலிற் கிடந்த குப்பியிற் சில கிருமிகள் பெருகும், சில மடியும். குளோரின் இட்ட நீராயின், குப்பியிற் சிறிது சோடியம் தயோசல்பேட் முன்னரே இட்டிருத்தல் வேண்டும். இன்றேல் வழியெல்லாம் குளோரின் தன் வேலையைச் செய்துகொண்டே வரும். தட்டு தூயதாகத் தோன்றும். ஊரார் குடித்த நீரோ தூயதன்று. அப்பொய்த் தட்டை யந்திரத்தின்முன் வைத்தால், அது சிறிதும் தயங்காது சுழியம் என்று அச்சிட்டுத் தரும். அச்சில் வந்த எண்ணை நம்மவர் ஐயுறுவதில்லை என்பது இன்னும் பெரிய தீங்கு.

எண்ணுதல் எளிய வேலையுமன்று. ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு கூட்டங்களையும், கூழிலுள்ள காற்றுக் குமிழியையும், தட்டு முழுதும் படரும் புரோட்டியஸையும் பிரித்தறியப் பழக்கம் வேண்டும். இயோசின் மெத்திலின் நீலக் கூழில் ஈ.கோலை பச்சை உலோகப் பளபளப்புக் காட்டும். தட்டைச் சாய்த்து வெளிச்சத்திற் பிடித்தாலன்றி அப்பளபளப்புச் சில வேளை தோன்றாது. இவற்றைத் தன் கண்ணாற் கண்டறியாத மாணவன் யந்திரத்தின் பிழையை எங்ஙனம் திருத்துவான்?

யந்திரமே வேண்டாம் என்பது என் கருத்தன்று. பாற்பண்ணைகளிலும் மருந்துத் தொழிற்சாலைகளிலும், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தட்டுக்களைப் பார்க்கும் ஆராய்ச்சி நிலையங்களிலும் அஃது இன்றியமையாதது. நமக்கும் ஒரு வழி உண்டு. 2013-இல் வெளிவந்த ஓப்பன் சி.எப்.யூ. என்னும் கணிப்பொறி நிரல் விலையின்றிக் கிடைக்கின்றது. எளிய ஒளிப்படக் கருவியே அதற்குப் போதும். மாணவர் முதலில் இருபது தட்டுக்களைக் கையால் எண்ணி, பின் நிரலின் எண்ணோடு ஒப்பிட்டு, வேறுபட்ட தட்டுக்களை மீண்டும் பார்ப்பாராயின், யந்திரத்தையும் அறிவர், தட்டையும் அறிவர்.

நம் நாட்டார் எண்ணாமலே அறியும் வழியொன்றையும் கண்டுள்ளனர். 1982-இல் மாஞ்சா என்பாரும் அவர்தம் தோழரும் வெளியிட்ட முறையில், மருந்தூட்டிய தாளுள்ள குப்பியில் நீரை ஊற்றி வைத்தால், மலக்கலப்பு உள்ள நீர் கறுத்துவிடும். மண்ணிலுள்ள சில கிருமிகளாலும் அது கறுக்கக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் சோதனைச்சாலை எட்டாத ஊரில், எந்தக் கிணற்றை முதலிற் சோதிக்கவேண்டும் என்பதை அது காட்டிவிடும்.

1884-இல் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியைக் கண்டது ஒரு குளத்து நீரில். அவர் குளத்தங்கரைக்குப் போனார். குளம் அவரிடம் வரவில்லை. இராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கத்து மாணவர் விடுமுறைதோறும் ஊர் சென்று மீள்கின்றனர். யந்திரத்துக்கென ஒதுக்க நினைக்கும் தொகையிற் சிறு பகுதியைக்கொண்டு பனிக்கட்டிப் பெட்டிகளும், தூய்மை செய்த குப்பிகளும் வாங்கி அவர்கள் கையிற் கொடுக்கலாம். பங்குனியில் நீர் வற்றியபோது ஒரு முறையும், ஐப்பசியின் முதல் மழை தெருச் சாணத்தை அடித்துக்கொண்டு கிணற்றில் இறங்கியபின் ஒரு முறையும் நீர் எடுக்கவேண்டும். திங்கட்கிழமை முதற் பேருந்திற் புறப்பட்டால் முற்பகலிலேயே தட்டு வைத்துவிடலாம். விடை செவ்வாய்க்கிழமை ஊர் சேரும்.