தொடுதிரையும் கிணற்றடியும்

தொடுதிரைப் பலகை வந்துவிட்டது; இனி ஆரம்ப வகுப்புகளின் புவியியற் கல்விக்கு விடிவுகாலம் என்று முழங்குகின்றனர். விரல் பட்டதும் உலக உருண்டை சுழல்கிறது. அமேசன் காடு விரிகிறது. சகாராப் பாலைவனம் ஒளிர்கிறது. பிள்ளைகள் கைதட்டுகின்றனர். திறப்புவிழாவுக்கு வந்த பிரமுகர்களும் கைதட்டுகின்றனர். நாம் கேட்பது ஒன்றே: கைதட்டல் ஓய்ந்தபின் பிள்ளையின் அறிவில் எஞ்சுவது யாது?

நாம் இயந்திரத்தின் எதிரிகளல்லர். விஞ்ஞானத்தை வெறுப்பவன் முற்போக்காளன் ஆகான். விண்ணிலிருந்து எடுத்த படத்தில் தன் ஊரைக் கண்டு பிள்ளை வியப்பது நல்லதே. ஆனால், வியப்பு கல்வியின் வாயில் மட்டுமே. வாயிலிலேயே பிள்ளையை நிறுத்திவிட்டுக் கல்வி வளர்ந்துவிட்டதென்று பெருமை பேசுவதையே நாம் எதிர்க்கிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கே ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக் கல்லினூடே கசிந்திறங்கிய மாரி மழையே, நிலத்தடியில் உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கிறது. அளவு மீறி இறைத்தால் உவர் மேலேறும். கிணறும் கெடும், தோட்டமும் கெடும். நைல் நதியைத் திரையில் தொட்டுக் காட்டும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, தான் குடிக்கும் நீரின் கதையை அறியாதிருப்பின், அது கற்றது புவியியல் அன்று, வெறும் படக்காட்சி.

எனவே, பாடம் கிணற்றடியில் தொடங்கட்டும். ஆசிரியர் துணைநிற்க, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, மாதந்தோறும் நீர்மட்டத்தைப் பிள்ளைகளே அளக்கட்டும். மாரியில் எவ்வளவு உயர்ந்தது, கோடையில் எவ்வளவு தாழ்ந்தது என்பதைத் தொடுதிரையில் வரைபடமாக்கட்டும். அயலூர்ப் பாடசாலையின் அளவுகளோடு ஒப்பிடட்டும். அப்பொழுது அந்தப் பலகை வேடிக்கைப் பெட்டியாக இராது; அறிவைத் தேடும் கருவியாகும்.

தன் ஊரை அளந்தறிந்த பிள்ளை, பிறர் வரைந்த உலகப்படத்தையும் ஐயுறக் கற்கும். 1569 இல் மேர்கேற்றர் கடலோடிகளுக்காக வகுத்த முறை இன்றும் பல திரைகளில் வாழ்கிறது. அதில் கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். மெய்யிலோ ஆபிரிக்கா அதனைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரிது. துருவத்தை நெருங்கும் நிலங்கள் அப்படத்தில் ஊதிப் பெருக்கின்றன. அவற்றின் அருகே நடுக்கோட்டு நாடுகள் சிறுத்துப்போகின்றன. இதனை உணர்த்தத் தொடுதிரை அருமையான சாதனம். கிறீன்லாந்தை நடுக்கோட்டருகே இழுத்துவர அது சுருங்குவதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காணலாம். "ஏன் இப்படி வரைந்தார்கள்?" என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியே கல்வி.

இன்னுமொன்று. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, கைத்தொலைபேசியின் அலைவரிசை தேடிக் குன்றிலும் மரத்திலும் ஏறிய நம் கிராமத்துப் பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. 1945 இல் இந்நாடு இலவசக் கல்வியைப் பெற்றது, பட்டினத்துப் பிள்ளைக்கு மட்டும் அன்று. தோட்டப்புறப் பாடசாலைக்கும் கரையோரப் பாடசாலைக்கும் எட்டாத கருவி, முன்னேற்றத்தின் சின்னமாகாது. பழைய ஏற்றத்தாழ்வுக்குப் பூசிய புதிய வர்ணமே ஆகும்.

ஆசிரிய நண்பர்களே! கருவியை எல்லாப் பிள்ளைகளுக்கும் கேளுங்கள்; உரத்துக் கேளுங்கள். அது வந்து சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கயிறும் கல்லும் இன்றே நம் கையில் உள்ளன.