மொய்க்கு நோட்டு உண்டு, தர்மத்துக்கு இல்லையா?

ஆடி பிறந்ததும் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் போய்ப் பாருங்கள். மொய் விருந்துப் பந்தலில் ஒரு பக்கம் கறிச்சோறு, மறுபக்கம் மொய் எழுதும் மேசைகள். ஒருவர் பணத்தை எண்ணுவார், ஒருவர் உரக்கச் சொல்வார், ஒருவர் எழுதுவார். பெயர், தகப்பனார் பெயர், ஊர், பழைய மொய் எவ்வளவு, புது நடை, அதாவது புதிதாகப் போடும் மொய், எவ்வளவு என்று ஒன்று விடாமல் ஏறும். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகுதான் கொடுத்தவர் நகர்வார். கூடப்பிறந்த அண்ணனே ஆனாலும் நோட்டில் ஏறாத மொய் மொய்யாகாது. இதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை.

நோட்டில் தன் பெயருக்கு நேரே ஒரு ரூபாய் குறைந்தாலும் விடாத மனிதர் ஒருவர்தான், புதுக்கோட்டை புதிய பேருந்து நிலையத்தில் நின்ற பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்தார். இரண்டு இளைஞர்கள் பேருந்துக்குள் ஏறினார்கள். கையில் பிளாஸ்டிக் உண்டியல், அதன்மேல் மூக்கில் குழாய் செருகிய ஒரு குழந்தையின் படம். அவர் நூறு ரூபாயை மடித்துப் போட்டார். "எந்த ஊர்ப் பிள்ளைன்னு தெரியுமாண்ணே?" என்று கேட்டேன். "தர்மம் பண்ணிட்டுக் கணக்குக் கேக்கலாமா தம்பி? நம்ம கையை விட்டுப் போச்சு. தின்னா அவன் பாவம் அவனுக்கு" என்றார்.

இந்தப் பேச்சை வாழ்நாள் முழுக்கக் கேட்டு வளர்ந்திருக்கிறேன். பெரிய மனசுக்கு அடையாளம் என்று இதை எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு இது பெரிய தப்பாகப் படுகிறது. ஏமாற்றுகிறவனுக்கு இதைவிடப் பாதுகாப்பான மறைவிடம் வேறு எதுவும் கிடையாது.

மொய் திரும்பி வர வேண்டிய பணம், அதனால் நோட்டு வேண்டும். தர்மம் திரும்பி வராத பணம், அதற்கு எதற்கு நோட்டு என்பார்கள். கேட்க நியாயம்போல இருக்கும். ஆனால் தர்மப் பணத்துக்கும் உரிமைக்காரர் ஒருவர் இருக்கிறார். யார் பெயரைச் சொல்லி வாங்கினார்களோ அவர்தான். நூறு ரூபாயை மறந்துவிடக் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. உண்டியல் படத்தில் கிடக்கும் குழந்தைக்குப் போக வேண்டிய கணக்கை மறந்துவிட அவருக்கு என்ன உரிமை?

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தது கஜா. 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் அடித்த புயலில் எங்கள் பக்கத்துத் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நிவாரண லாரிகள் பல வந்தன, கொடுத்த கைகளை இன்றும் கும்பிடுகிறேன். சில மாதம் கழித்து வெளியூரில் ஒரு நிதி திரட்டும் பேனரைப் பார்த்தேன். அதில் எங்கள் தெருவில் கூரை பறிபோன ஒரு கிழவியின் வீடு. வாசலில் கவிழ்ந்து கிடந்த நீலக் குடம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஊருக்கு வந்து விசாரித்தால், அந்த நிதியிலிருந்து ஒரு தார்ப்பாய்கூட வந்து சேரவில்லை. படம் எடுத்ததே கிழவிக்குத் தெரியாது.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பதைச் சிலர் துணைக்கு அழைப்பார்கள். அது கொடுக்கிறவனின் அடக்கத்துக்குச் சொன்னது. வசூலிக்கிறவனின் கணக்கை மூடி வைக்கச் சொன்னதில்லை.

"அதுதான் 80ஜி இருக்கே, கவர்ன்மென்ட் பார்த்துக்கும்" என்று படித்தவர்கள் சொல்வது இன்னொரு மயக்கம். 1961 வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு, கொடுத்தவருக்கு வரிச்சலுகை தருவதற்காக வந்தது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது என்றும் அதில் இருந்தது. 2021-22 நிதியாண்டு முதல் நன்கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் தாக்கல் செய்து, கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும் என்றும் வந்தது. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் இவை வரித்துறைக்கும் கொடுத்தவருக்கும் இடையில் ஓடும் காகிதங்கள். எங்கள் தெருக் கிழவியின் கண்ணில் இவற்றில் ஒன்றும் படாது. தகவல் உரிமைச் சட்டமும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. அரசிடம் கணிசமாக நிதி பெறும் தொண்டு நிறுவனங்கள்தான் அதற்குள் வரும் என்பது 2019இல் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது அறக்கட்டளைகளுக்கென்றே ஓர் ஆணையர் இருக்கிறார். நம்மிடம் கோயில் சொத்துக்கு அறநிலையத் துறை உண்டு, பேருந்து நிலைய உண்டியலுக்கு ஒருவரும் இல்லை.

அன்று பேருந்தில் உண்டியலோடு ஏறிய அந்த இளைஞர்களில் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். சின்னப் பையன், வெயிலில் உதடு வெடித்திருந்தது. "நாங்க வேலைக்குத்தான் சார் வர்றோம். விழுறதுல எங்களுக்குப் பங்கு" என்றான். எவ்வளவு பங்கு என்று கேட்டதும் கூட வந்தவன் அவனை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். வேலைக்குக் கூலி வாங்குவதில் குற்றமில்லை. அதைச் சொல்லாமல் குழந்தையின் படத்தைக் காட்டுவதுதான் குற்றம். இங்கிலாந்தில் 1992ஆம் ஆண்டு அறக்கொடைச் சட்டம் இதைத்தான் பிடித்தது. கூலிக்கு நிதி திரட்டுகிறவர், எந்த நிறுவனத்துக்காகக் கேட்கிறார், தனக்குக் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைக் கேட்கும்போதே சொல்லியாக வேண்டும்.

கணக்குக் கேட்டால் நல்லவர்கள் மனம் நோகும் என்பது கடைசி வாதம். 1894இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கிய காந்தி, வந்த தொகை எதுவானாலும் ரசீது போட்டார். ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்கு வைத்தார். கணக்கில்லாத பொதுக் காரியத்தில் உண்மை நிலைக்காது என்று தன் சத்திய சோதனையில் எழுதியும் வைத்தார். அவர் மனம் நோகவில்லை. நோகிறது என்று சொல்கிறவரிடம்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

கொடுக்கத் தயங்கும் மண் அல்ல இது. 2024இல் வயநாடு நிலச்சரிவின்போது இதே மாவட்டத்து டீக்கடை ஒன்றில் மொய் விருந்து பாணியில் நிதி சேர்த்தார்கள். டீ குடித்தவர்கள் மனம்போல் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த மனசுக்கு ஈடாக ஒரு சட்டம் வேண்டும். யாருக்காக, யார் வாங்குகிறார், அதில் கூலி எவ்வளவு என்பது உண்டியல்மேலேயே தமிழில் எழுதியிருக்க வேண்டும். ஓர் ஊரின் பெயரையோ படத்தையோ காட்டி வாங்கினால், வந்ததும் செலவானதும் அந்த ஊருக்குத் திரும்ப வர வேண்டும். ஆகஸ்ட் 15 கிராமசபையில் ஊராட்சியின் வரவு செலவை வாசிக்கிறோம். அதோடு இதையும் வாசிக்கட்டும். எங்கள் தெருக் கிழவி எழுந்து நின்று, "என் வீட்டுப் படத்துக்கு எவ்வளவுப்பா விழுந்துச்சு?" என்று கேட்கட்டும். வாசிக்கிறவர் நோட்டைப் பார்த்துப் பதில் சொல்லட்டும்.