இருவாச்சி கேட்கும் கேள்வி

மரம் நடுவது அறம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், ஆண்டுதோறும் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் காட்டி, “காடு வளர்த்துவிட்டோம்” என்று நாம் மகிழ்வது சரிதானா? என்னை இவ்வாறு வினவச் செய்தது, ஆனைமலைக் காடுகளில் வாழும் பெரிய இருவாச்சிப் பறவையின் வாழ்க்கை.

ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள உடல். பெரிய மஞ்சள் அலகு. அதன்மேல் தொப்பி கவிழ்த்தாற்போன்ற ஒரு புடைப்பு. பறக்கையில் எழும் சிறகோசை நெடுந்தொலைவு கேட்கும். இத்துணைப் பெரிய அலகிருந்தும், மரங்கொத்தியைப்போல் பொந்து குடைய இதற்கு இயலாது. கிளை ஒடிந்தோ, நடுமரம் உளுத்தோ தானாக உண்டான பொந்தே இதன் வீடு. வெடிப்பலா போன்ற மரங்கள் நெடுங்காலம் வளர்ந்து பருத்தால்தான் அத்தகைய பொந்து வாய்க்கும்.

பெண்பறவை பொந்தினுள் புகுந்து, எச்சத்தால் வாயிலை அடைத்துக்கொள்கிறது. ஓர் இடுக்கு மட்டுமே எஞ்சும். உள்ளே தன் பறக்கும் இறகுகளை உதிர்த்துவிட்டு, ஒன்றோ இரண்டோ முட்டையிட்டு அடைகாக்கிறது. வாரக்கணக்கில் ஆண்பறவையே இரை கொணர்ந்து ஊட்டுகிறது. அந்த ஆணை ஒருவன் சுட்டு வீழ்த்தினால், பொந்தினுள் இருக்கும் தாயும் சேயும் பட்டினியால் மடிய நேரும்.

அத்தி, ஆல் இனப் பழங்களை விரும்பி உண்ணும் இப்பறவை, விதைகளைத் தொலைவில் கக்கியும் எச்சமிட்டும் காட்டைப் பெருக்குகிறது. நாம் விழா எடுத்துச் செய்வதை இது விளம்பரமின்றிச் செய்கிறது!

வால்பாறையிலோ தேயிலைக்கும் காப்பிக்கும் பெருங்காடு வெட்டப்பட்டது. எஞ்சியவை துண்டு துண்டான சோலைகள். தோட்டங்களில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரம் இதற்குப் பழம் தராது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவையைக் கொல்வதைத் தடுக்கிறது. ஆனால், எந்தச் சட்டத்தாலும் ஒரு முதுமரத்தை ஓராண்டில் உண்டாக்க முடியுமா?

“அப்படியானால் மரமே நட வேண்டாமா?” என நண்பர்கள் கேட்கலாம். நடுவோம், அந்தந்த மண்ணுக்குரிய மரங்களை நடுவோம். கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர் இன மக்கள் இருவாச்சிக் கூடுகளைக் காவல் காக்கின்றனர். அவர்களது அறிவை மதிப்போம். உளுத்த மரம் பயனற்றது என்ற எண்ணத்தை விட்டொழிப்போம். கன்று நாளைய காடு; முதுமரமே இன்றைய வீடு. இனி நம் விழாக்களில், நட்டதை மட்டுமன்று, வெட்டாமல் விட்டதையும் எண்ணுவோம்.