சூடாம், சூடு!

"ஆன்டிபயாடிக் சூடும்மா. நாலு நாள் மோர் குடிங்க, பி காம்ப்ளக்ஸ் போடுங்க, அடங்கிடும்."

இருபது வருஷமாக எங்கள் தெரு மருந்துக்கடையில் கேட்டுக் கேட்டுக் காது புளித்த வசனம். போன மாதம் பெரியம்மாவுக்கும் அதே தீர்ப்பு. நெஞ்சுச் சளிக்கு ஏழு நாள் அமாக்சிசிலின் சாப்பிட்டு முடித்திருந்தார். நாக்கில் திரிந்த பாலைத் தடவினாற்போல வெள்ளை. ரசம் பட்டாலே கண்ணில் தண்ணீர்.

சூடென்றால் தெர்மாமீட்டரில் தெரிய வேண்டாமா? மோர் குடிக்கட்டும், யார் தடுத்தது. பி காம்ப்ளக்ஸ் போட்டால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகும்; அந்த வெள்ளை அசையாது.

"அவ்வளவு வீரியமான மாத்திரை சாப்பிட்டவங்களுக்குக் கிருமி எப்படிங்க வரும்?" இதுதான் அவர்களுடைய பிரம்மாஸ்திரம். இதை மட்டும் நான் விடுவதாக இல்லை. அந்த வெள்ளை, கேண்டிடா என்னும் ஈஸ்ட்; பூஞ்சை வகை. அது எங்கிருந்தும் வரவில்லை. நம்மில் பலர் வாயில் ஏற்கெனவே குடியிருப்பதுதான். சுற்றிலும் பாக்டீரியாக்கள் இடத்தையும் தீனியையும் பிடித்து வைத்திருக்கும்வரை வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். அமாக்சிசிலின் செய்வது, பாக்டீரியாவைச் செல்சுவர் கட்டவிடாமல் கெடுப்பது. அந்தச் சுவர் பெப்டிடோகிளைக்கான். ஈஸ்ட்டின் சுவரோ குளுக்கானும் கைட்டினும். மாத்திரை அங்கே போய் எதை இடிக்கும்? வேறு ஆன்டிபயாடிக் என்றாலும் இதே கதைதான்: அசித்ரோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடிக்கும். ஈஸ்ட்டின் ரைபோசோம் வேறு ஜாதி, நம்முடையதற்கு உறவு. ஆக, மருந்து எவ்வளவு வீரியமோ அவ்வளவுக்கு அண்டை வீடுகள் காலி. மொத்த வாயும் ஈஸ்ட்டுக்குப் பட்டா. பெரியம்மாவுக்குச் சர்க்கரை வேறு. பல்செட்டை ராத்திரியிலும் கழற்றமாட்டார். ஈஸ்ட்டுக்கு வேறென்ன வேண்டும்?

சில பேருக்கு வெள்ளையே இருக்காது, நாக்கு வழவழவென்று சிவந்து எரியும். அப்போது சூட்டுக் கட்சிக்கு இன்னும் கொண்டாட்டம்.

இந்த ஈஸ்ட்டுக்கென்றே மருந்து உண்டு. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நிஸ்டாட்டினை அறிவித்தது 1950-இல். மண்ணில் கிடந்த ஒரு பாக்டீரியா தந்த பூஞ்சைக்கொல்லி. நியூயார்க் மாநிலத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மோரிலும் வைட்டமினிலும் காரியம் முடியுமென்றால் அந்த இரண்டு பெண்களும் எதற்கு மெனக்கெட்டு மண்ணை அலசினார்கள்?

கடைசியில் பெரியம்மாவைப் பல் டாக்டரிடம் காட்டினோம். நாக்கைப் பஞ்சால் வழித்தார். வெள்ளை பஞ்சோடு வந்தது. அடியில் செக்கச்செவேலென்று ரணம். க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடவச் சொல்லி, தூங்கும்போது பல்செட் தண்ணீரில்தான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். பத்து நாள் கழித்துப் பெரியம்மா ரசம் சாதம் சாப்பிட்டார்.

"பாத்தியா, சூடு இறங்கிடுச்சு" என்றார்.