தகரம் தர ஆளிருக்கு, அடியில் போடுற கல்லுக்கு?

பாடசாலைப் பின்வளவுப் புற்தரையில் 10க்கு 8 அடியில் ஒரு சாமான் ஷெட் போடப் போகிறோம் என்று போன வாரம் எழுதியிருந்தோம். மம்பட்டி, அலவாங்கு, பூவாளி எல்லாம் இப்போது ஒரு வகுப்பறை மூலையில்தான் கிடக்கின்றன. பிள்ளையொன்றின் காலில் விழுமுன் அவற்றை வெளியே எடுக்க வேண்டும்.

அல்ஹம்துலில்லாஹ், ஊரார் உடனே கைகொடுத்தார்கள். தகரம் ஒருவர், கதவு இன்னொருவர். பெயர்ப்பலகை எந்தப் பக்கம் வரும் என்று கேட்டவரும் உண்டு (கோபிக்க வேண்டாம் ஹாஜியார்!). ஆனால் மண்ணுக்குள் மறையப்போகும் கல்லுக்கு இதுவரை ஒருவரும் வரவில்லை. “ஒரு ஷெட்தானே, புல்லுக்கு மேலயே கொங்கிறீட்டை ஊத்துங்களேன்” என்கிறார்கள்.

எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. அடியில் அகப்பட்ட புல்லும் வேரும் உக்கும். உக்கிய இடம் தாழும், மேலே கொங்கிறீட் வெடிக்கும். அதைவிடப் பெரிய விஷயம் சரிவு. தெல்தெனியவில் சமதரை ஏது? பள்ளத்தில் இருந்த பழைய டவுன் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. மேட்டுக்கு ஏறி வந்தவர்களின் பிள்ளைகள்தான் நம்மில் பலர். குழாயில் தண்ணீர் மட்டம் பிடித்துப் பார்த்தோம்: 8 அடிக்குள் ஓரடி இறக்கம். மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரவினால் அன்றைக்குப் பார்க்க அழகுதான். கொட்டின மண் மழைக்கு இறங்கும். அதற்குக் கீழே இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. 2025 நவம்பரில் டித்வா வந்தபோது கண்டி மாவட்டத்தில் மண் என்ன செய்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கூரைத் தண்ணீரையும் யாரும் யோசிப்பதில்லை. ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் இந்தச் சின்னத் தகரத்திலிருந்து மட்டும் 740 லீற்றர் அளவில் கொட்டும். அது அயல்வீட்டுச் சுவரில் போய் விழுந்தால் அவர்களுடைய ஹக்கில் நாம் கைவைத்த மாதிரி.

ஆகவே இப்படிச் செய்கிறோம். சுற்றிவர ஓரடி கூட்டி, 12க்கு 10 அடி நூல் பிடிப்போம். புல்லை இரண்டு அங்குலத் தடிப்பில், சதுரம் சதுரமாக, வேரோடு எடுத்து, கிரவுண்டுக்குப் பக்கத்தில் வெறுமையாய்க் கிடக்கும் மண்திட்டில் பதிப்போம். தரம் 7 பிள்ளைகள் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதாக ஏற்கெனவே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். மேல்மண் மரக்கறிப் பாத்திக்கு. கீழ்ப்பக்கம் கெட்டி மண் வரும்வரை தோண்டி, தண்ணீர் வடிய ஓட்டை விட்டுக் கல் கட்டுவோம்; உள்ளே மெட்டல் போட்டு, படை படையாக இடித்து இறுக்குவோம். கூரைக்குப் பீலி, பீலியிலிருந்து தாங்கி, தாங்கி நிரம்பினால் றோட்டுக் கானுக்கு.

கல்லைத் தவிர முக்கால் கியூப் மெட்டலும் நான்கு பேக் சீமெந்தும் வேண்டும். பெயர்ப்பலகைக்கு இடமில்லை, எல்லாம் மண்ணுக்குள்தான் போகும். சனிக்கிழமை காலை 7 மணிக்குச் சிரமதானம். மம்பட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். எங்களிடம் இருப்பதில் இரண்டுக்குப் பிடி கழன்றிருக்கிறது. பிளேன்டீ எங்கள் பொறுப்பு.