பாலம் விழுந்தால் பழி யார் மேல்?

பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடுவதைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டு. "படிப்பு கெடுகிறது, அழித்துவிடு" என்பது ஒரு கட்சி. "சத்தம் போடாமல் ஒரு மூலையில் இருந்தால் சரி" என்பது மற்றது. விளையாட்டில் கோளாறு வந்துவிட்டால் முதல் கட்சிக்கு அது நல்ல சாக்காகிவிடும். இரண்டாவது கட்சி கடைக்காரரைக் கூப்பிட்டுப் பணம் கொடுக்கும். ஆக, இரண்டு பேருமே கோளாறைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். அதைப் பிள்ளையிடமே விட்டுவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எல்லா விளையாட்டையும் சேர்த்துச் சொல்லவில்லை. துப்பாக்கியால் சுட்டுத் தள்ளும் விளையாட்டுகள் வேறு கதை. நான் சொல்வது பௌதிக விதிகளை வைத்துப் புதிர் போடும் வகை. 2009ல் வந்த ஆங்கிரி பேர்ட்ஸ் அநேகமாக எல்லோர் வீட்டிலும் புகுந்து வந்ததுதான். 2016ல் வெளிவந்த பாலி பிரிட்ஜ் இன்னும் மேலானது. இரண்டு கரை, நடுவே பள்ளம். மரம், எஃகு, கயிறு, கேபிள் எல்லாம் தருவார்கள். செலவுக்கு வரம்பும் வைப்பார்கள். பாலம் கட்டி வண்டியை அக்கரை சேர்க்க வேண்டும். எந்த உறுப்பு எவ்வளவு சுமை தாங்குகிறது என்பதை நிறம் மாற்றிக் காட்டும். சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் நிற்கும் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரே மாலையில் புரிந்துபோகும்.

இந்த விளையாட்டுகளின் உள்ளே இருந்து கணக்குப் போடும் பகுதிக்கு ஃபிஸிக்ஸ் எஞ்சின் என்று பெயர். நிஜ உலகம் இடைவிடாமல் நடக்கிறது. இந்த எஞ்சின் உலகத்தை வினாடிக்கு 50, 60 தடவைதான் எட்டிப் பார்க்கும். முக்கால்வாசிக் கோளாறுக்கு வேர் இதுதான். ஒரு கேட்மேன் நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் கண்ணைத் திறப்பார் என்றால் நடுவில் போன வண்டி அவர் கணக்கில் வராது அல்லவா? வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வரும் பந்து, 60ல் ஒரு பங்கு வினாடியில் அரை மீட்டர் நகர்ந்துவிடும். சுவரின் கனம் 10 சென்டிமீட்டர் என்றால், முதல் பார்வையில் பந்து இந்தப் பக்கம், அடுத்த பார்வையில் அந்தப் பக்கம். எஞ்சினைப் பொறுத்தவரை மோதலே நடக்கவில்லை. பந்து சுவரை ஊடுருவியது மாயமல்ல, வகுத்தல் கணக்கு. எரின் கேட்டோ என்பவர் எழுதி இலவசமாகக் கொடுத்த பாக்ஸ்-டூடி என்ற எஞ்சினில், வேகமான பொருளுக்குப் 'புல்லட்' என்று குறி வைத்தால், இரண்டு பார்வைகளுக்கு நடுவிலும் சோதித்துப் பார்க்கும். அந்தக் குறியை வைப்பது விளையாட்டை எழுதியவர் வேலை. நம் பிள்ளை செய்யக்கூடியது, புதிய திருத்தப் பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து ஏற்றிக்கொள்வது.

அடுக்கிய பெட்டிகள் தானாக நடுங்குவதும் திடீரென்று வெடித்தாற்போல் சிதறுவதும் இன்னொரு கோளாறு. இரண்டு பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்று சிறிது புதைந்து நின்றால், எஞ்சின் அவற்றைப் பலமாகத் தள்ளிப் பிரிக்கும். லேசான பொருளின் மேல் மிகக் கனமானதை ஏற்றினாலும் கணக்கு தடுமாறும். ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கி, உரசாமல் இடைவெளி விட்டு அடுக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வேகம் தப்புவது மூன்றாவது. சில பழைய விளையாட்டுகள் திரையில் படம் மாறும் வேகத்தையே கடிகாரமாக வைத்துக்கொள்ளும். வினாடிக்கு 144 தடவை மாறும் புதுத் திரையில் அவை தலைதெறிக்க ஓடும். அமைப்புகளில் வி-சிங்க் என்பதைப் போட்டு, திரையை 60க்குக் கட்டினால் சரியாகும். மாறாக, விளையாட்டு தவழ்ந்தால் லாப்டாப் சார்ஜரில் இருக்கிறதா, மின்சிக்கன நிலையில் இருக்கிறதா, பின்னால் வேறு என்னென்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். நிழல், தண்ணீர் அலை போன்ற அலங்காரங்களைக் குறைத்தாலே பாதி பாரம் இறங்கும்.

நான்காவதுதான் பிள்ளைகளை அழவைப்பது. ஒரே பாலம் ஒரு தடவை நிற்கும், மறு தடவை விழும். பத்தில் ஒரு பங்கைக் கம்ப்யூட்டரின் இரண்டடிமான எண்களில் முழுமையாக எழுத முடியாது. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எழுதிப் பாதியில் நிறுத்துகிறோமே, அதே மாதிரி. துளித்துளியாகச் சேரும் அந்த மிச்சம், இற்றுப்போகும் நிலையில் உள்ள பாலத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்த்துவிடும். அற்ப விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1991 பிப்ரவரியில் வளைகுடாப் போரின்போது தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்புக் கருவியின் கடிகாரத்தில் இருந்ததும் இதே பத்தில் ஒரு பங்குப் பிழைதான். 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் சுமார் மூன்றில் ஒரு வினாடி பிசகியது. எதிரியின் ஏவுகணை தப்பி வந்து 28 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். பாலி பிரிட்ஜின் இரண்டாம் பதிப்பு 2020ல் வந்தபோது, எந்தக் கருவியில் ஓட்டினாலும் ஒரே பாலம் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்படி எஞ்சினையே புதிதாக எழுதினார்கள்.

விளையாட்டு திறக்கவே இல்லை என்றால் வரிசை முக்கியம். முதலில் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவது. அடுத்து கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிப்பது. ஸ்டீம் வழியாக வாங்கியதாக இருந்தால், கோப்புகள் முழுமையாக உள்ளனவா என்று சோதிக்கும் வசதி அதிலேயே உண்டு. நீக்கி மறுபடி ஏற்றுவது கடைசி வழி. அதற்கு முன் சேமித்த ஆட்டங்களைப் பிரதி எடுத்து வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு கம்பியை ஒன்றாகத் தொட்டவனுக்கு எது பழுது என்று ஒருநாளும் தெரியாது என்பது சிக்னல் பிரிவில் முதல் பாடம். இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று முன்பின் தெரியாதவர்கள் தரும் புரோகிராமை மட்டும் இறக்கவே கூடாது. அப்பாவின் பாங்குக் கணக்கும் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் கடைக்காரர் பத்து நிமிஷத்தில் செய்துவிடுவாரே என்று கேட்கலாம். செய்வார். ஆனால் பிள்ளைக்கு மிஞ்ச வேண்டியது, தவறு விளையாட்டினுடையதா, என் பாலத்தினுடையதா என்று பிரித்துப் பார்க்கும் புத்தி. இது பெரியவர்களுக்கே அரிதாக வாய்ப்பது. கனடாவில் கியூபெக் பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது, 1907 ஆகஸ்டில் சில உறுப்புகள் வளைந்திருப்பதைக் கண்டார்கள். அந்த வளைவு முன்பே இருந்தது என்று சிலர் சாதித்தார்கள். விவாதம் முடிவதற்குள், 29ந்தேதி, பாலம் விழுந்து 75 தொழிலாளர்கள் மாண்டார்கள். "அது ஏதோ கோளாறு, என் மேல் தப்பில்லை" என்று சொல்லிப் பழகும் பிள்ளை நாளை எந்த வேலைக்குப் போனாலும் அந்தப் பழக்கம் கூடவே போகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரயில்வே சிக்னல் பழுதானால் சிவப்பின் பக்கமே சாய வேண்டும் என்பது விதி. விளையாட்டுக்கு அந்த விதி இல்லை. விழ வேண்டிய பாலத்தையும் அது நிற்க வைத்துவிடும். கோளாறைப் பயன்படுத்தி ஜெயித்த பையனைக் கெட்டிக்காரன் என்று தட்டிக்கொடுக்காதீர்கள். "இந்தப் பாலத்தின் மேல் உன் பாட்டியை நடக்கவிடுவாயா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். போதும்.

பெற்றோர்களிடம் நான் வேண்டுவது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். என்ன நடந்தது, எப்போது, எதை மாற்றினேன், பலன் என்ன என்று நான்கு பத்தி. அதைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி என்று வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் என்றால் பாட்டியிடம் சாப்பாடு கேட்கும் பாஷை என்று ஆகிவிட்டது. 'நடுங்குகிறது', 'சாய்கிறது', 'இற்றுப்போகிறது', 'தாங்கவில்லை' என்ற சொற்களுக்கு அவர்களுக்கு வேலை கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எது? கம்ப்யூட்டர் தெரியாத தாத்தா பாட்டிகளும் அதைப் படித்துவிட்டு, "ஏண்டா கண்ணா, விழுந்தது எந்தப் பக்கம்?" என்று கேட்கலாம்.

சங்கத்துத் தமிழ் வகுப்பு முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் இந்த நோட்டுகளைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்யலாம். செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டும். செலவு அநேகமாக ஒன்றுமில்லை. நோட்டுகளை வாங்கித் தருவது என் பொறுப்பு.