கேட்டல் தேர்வும் ஆயத்தமாகாத செவியும்

மேல்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் ஆங்கிலத் தேர்வுக்கு எவ்வாறு ஆயத்தமாகிறார் என்பதைக் கவனித்தால் அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்பது விளங்கிவிடும். வாசித்தல் பகுதிக்கு மாதிரி வினாத்தாள்கள், வழிகாட்டி நூல்கள், தனிப்பயிற்சி வகுப்புகள், காணொளிகள் என ஒரு பெருஞ்சந்தையே இருக்கிறது. கேட்டல் பகுதிக்குப் பெரும்பாலும் ஒரு பிற்பகல்தான் இருக்கிறது. அந்தப் பிற்பகலில் ஆசிரியர் ஒலிப்பதிவை இயக்குகிறார். மின்சாரமோ ஒலிபெருக்கியோ கைகொடுக்காவிட்டால் எழுத்துப்படியைத் தாமே நின்று வாசிக்கிறார். கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டுமே என்ற அக்கறையில் ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, நிறுத்தி, உரத்து வாசிக்கிறார். மாணவர்கள் பணித்தாளை நிரப்புகிறார்கள். மதிப்பெண் பட்டியலும் நிரம்புகிறது. அக்கறையால் செய்யப்படும் அந்த உதவியே, தேர்வு அளக்க வேண்டிய திறனைத் தேர்விலிருந்து அகற்றிவிடுகிறது.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ., பேசுதல் மற்றும் கேட்டல் மதிப்பீட்டை 2010களின் முற்பாதியில் முறைப்படி கொண்டுவந்தது. எழுத்துத் தேர்வு ஒன்றே மொழித்திறனுக்குச் சான்றாகாது என்ற அந்த முடிவு வரவேற்கத்தக்கது. அண்மைய பாடத்திட்டங்களின்படி பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளின் ஆங்கிலப் பாடத்தில் அகமதிப்பீட்டுக்குரிய 20 மதிப்பெண்களில் கேட்டலுக்கு 5, பேசுதலுக்கு 5, செயல்திட்டத்துக்கு 10 என ஒதுக்கப்பட்டுள்ளன. பத்தாம் வகுப்பின் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் வாசித்தலுக்கு மட்டும் 20 உண்டு. எண்களின் இந்த ஏற்றத்தாழ்வைப் பெருங்குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்த ஐந்து மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஆண்டு முழுவதும் எத்தனை பாடவேளைகள் நிற்கின்றன என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டத்தின் கேட்டல் பகுதிக்கு வரையறை இன்னும் துல்லியமாக இருக்கிறது. மாணவர் முன்பு கண்டிராத, சுமார் 300 சொற்கள் கொண்ட பத்தி இருமுறை வாசிக்கப்படும்: முதல் முறை நிமிடத்துக்குச் சுமார் 110 சொற்கள் என்னும் இயல்பான வாசிப்பு வேகத்தில், இரண்டாம் முறை அதனினும் மெதுவாக. இடையிடையே குறிப்பெடுத்துக்கொள்ளலாம். நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் ‘இயல்பான’ என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. இயல்பான ஆங்கில உரையாடல் நிமிடத்துக்கு 150 சொற்களை எளிதில் தாண்டும். நிமிடத்துக்கு 110 என்பது எழுதி வைத்ததை நிதானமாக வாசித்துக் காட்டும் வேகம். அந்த வேகத்துக்குப் பழகிய செவி, கல்லூரியில் ஒரு பேராசிரியர் குறிப்பின்றிப் பேசத் தொடங்கியதும் திணறுவதில் வியப்பில்லை.

திணறலுக்கு வேகம் மட்டும் காரணமாகிவிடாது. எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி உண்டு. பேச்சில் அது கிடையாது. தொடர்ந்து ஓடும் ஒலிப்பெருக்கிலிருந்து சொற்களைப் பிரித்தெடுப்பதுதான் கேட்டலின் முதல் வேலை. தமிழ் இலக்கணம் பயின்ற எவருக்கும் இது புதிய செய்தியாக இராது. மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆவதையும், நாடு என்பதன் இறுதி உகரம் ‘நாடில்லை’ என்னும்போது ஓடிப்போவதையும் பள்ளியிலேயே புணர்ச்சி என்று கற்கிறார்கள். ஒன்றாக நின்றால் ஒரு பொருளும் பிரித்தால் வேறு பொருளும் தரும் எட்டு, தாமரை, வேங்கை போன்றவற்றுக்கு இலக்கண மரபு ‘பொதுமொழி’ என்று பெயரே வைத்திருக்கிறது. வடமொழி பயிலும் வட இந்திய மாணவருக்கும் சந்தி தெரியும். ஆங்கிலத்திலும் புணர்ச்சி உண்டு. ‘அன் எய்ம்’ என்பதும் ‘அ நேம்’ என்பதும் விரைந்த பேச்சில் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு என்னவென்றால், தமிழ் தன் புணர்ச்சியைப் பெரும்பாலும் எழுதிக் காட்டிவிடுகிறது, ஆங்கில எழுத்து அதை மறைத்துவிடுகிறது. ‘நெக்ஸ்ட் வீக்’ என்று எழுதிவிட்டு ‘நெக்ஸ் வீக்’ என்று சொல்கிறார்கள். ‘டிட் யூ’ என்பது ‘டிஜூ’ ஆகிவிடுகிறது. தாளில் பார்த்திருந்தால் உடனே அறிந்திருக்கும் சொல்லைக் காதில் விழும்போது மாணவர் தவறவிடுவது இதனால்தான். சொல்லறிவுக் குறைவு என்று ஆசிரியர் முடிவுகட்டி, மேலும் நூறு சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யத் தருகிறார். நோய் ஒன்று, மருந்து வேறொன்று.

குறுகும் ஒலிகளின் கதையும் இதுவே. அழுத்தம் பெறாத அசைகளில் ஆங்கில உயிர்கள் தேய்ந்துபோகின்றன. ‘ஃபார்’, ‘டு’, ‘ஆஃப்’, ‘அண்ட்’ முதலிய இலக்கணச் சொற்கள் தொடருக்குள் வந்தவுடன் பாதி கரைந்துவிடும். குற்றியலுகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகுகிறது என்பதை அறிந்தவருக்கு இதை விளக்க ஐந்து நிமிடம் போதும். அமெரிக்கப் பேச்சில் ‘கேன்’, ‘கேன்ட்’ ஆகிய இரண்டில் பின்னதன் இறுதி டகரம் பல நேரங்களில் காதில் விழுவதே இல்லை. உயிர் தேய்ந்திருக்கிறதா, முழுமையாக ஒலிக்கிறதா என்பதைக் கொண்டே முடியும், முடியாது என்பது தீர்மானமாகிறது. ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ என்னும் எண்களைப் பிரித்தறியவும் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்ற உணர்வு வேண்டும். கேட்டல் வினாத்தாள்களில் விலை, நேரம், தொலைபேசி எண் ஆகியவை திரும்பத் திரும்ப வருவதை நினைத்தால், இது எவ்வளவு அடிப்படையான பாடம் என்பது புரியும்.

இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக விளங்கும் ஐதராபாத் நிறுவனத்திலிருந்து 1969ஆம் ஆண்டிலேயே இந்திய ஆங்கிலத்தின் விளங்குதிறன் குறித்த ஆர். கே. பன்சாலின் ஆய்வு வெளிவந்தது. இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எந்த அளவு விளங்குகிறது என்று ஆராய்ந்த அந்நூல், சொல்லழுத்தம் இடம் மாறுவதை விளங்காமைக்கான முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கண்டது. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் சொல்லழுத்தம் பாடநூலின் ஓரத்துப் பயிற்சியாக எங்கோ எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. ஆசிரியர் அதைத் தாண்டிச் செல்வதற்குக் காரணமும் உண்டு: எழுத்துத் தேர்வில் அது வருவதில்லை, அவருக்கும் யாரும் அதைக் கற்பித்ததில்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். யாருடைய ஆங்கிலத்துக்குச் செவியைப் பழக்குவது? இலண்டன் பேச்சையும் நியூயார்க் பேச்சையும் அளவுகோலாக்கினால் அது பழைய அடிமைத்தனத்தின் புதிய பதிப்பாகாதா? ஆகும், மாணவர் அவ்வாறே பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பன்னாட்டுப் பொதுமொழியாக ஆங்கிலம் பேசுவோர் தேய்ந்த உயிர்களை அப்படியே ஒலிக்கக் கற்க வேண்டியதில்லை என்று வாதிட்டார். அது ஏற்கத்தக்கதே. ஆனால் ஒலிக்க வேண்டியதில்லை என்பதால் கேட்டறியவும் வேண்டியதில்லை என்று கொள்ள முடியாது. பேசும் வாய்க்குத் தன் ஊரின் நடை போதும். கேட்கும் காதுக்குப் பல ஊர் வேண்டும். இந்தியாவிலேயே அதற்குப் பஞ்சமில்லை. அசாமிலிருந்து தில்லிக்குப் படிக்க வரும் மாணவி ஒரே நாளில் மலையாளிப் பேராசிரியரின் ஆங்கிலத்தையும், வங்காளி ஆய்வாளரின் ஆங்கிலத்தையும், பஞ்சாபி அலுவலரின் ஆங்கிலத்தையும் எதிர்கொள்கிறாள். அவளுடைய பள்ளியின் ஒலிப்பதிவில் ஒரே ஒரு குரல்தான் இருந்தது. தேர்வுக்கான ஒலிப்பதிவுகளில் இந்தியாவின் பல பகுதிக் குரல்களும் ஆப்பிரிக்க, ஐரோப்பிய, அமெரிக்கக் குரல்களும் கலந்து வருவது ஒலியியல் நோக்கிலும் சரி, சமூக நோக்கிலும் சரி, இன்றைய நிலையைவிட மேலானது.

வாசித்தல் பகுதி நன்றாக இருக்கிறது, கேட்டல் மட்டும்தான் பழுது என்று எண்ணிவிடவும் கூடாது. பத்தாம் வகுப்புத் தேர்வில் 400 முதல் 450 சொற்கள் கொண்ட ஒரு பத்தியும், வரைபடமோ அட்டவணையோ சேர்ந்த 200 முதல் 250 சொற்கள் கொண்ட இன்னொரு பத்தியும் தரப்படுகின்றன. பயிற்சி வகுப்புகள் தரும் முதல் அறிவுரை எல்லா ஊர்களிலும் ஒன்றுதான்: முதலில் வினாவைப் படி, பிறகு பத்தியில் விடையைத் தேடு. வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் கண்டுபிடித்து, அதன் அண்டையிலுள்ள தொடரைப் பெயர்த்தெழுதும் இந்தக் கலையில் தேர்ந்த மாணவர்கள் பத்தி எதைப் பற்றியது என்று கேட்டால் விழிக்கிறார்கள். இது வாசிப்பாகாது, வைக்கோற்போரில் ஊசி தேடுவது. கேட்டலில் இந்தத் தந்திரம் பலிக்காது. காற்றில் போன தொடரைத் திரும்பிப் பார்க்க முடியாது. முன்னால் கேட்டதை மனத்தில் தாங்கிக்கொண்டே அடுத்ததை வாங்க வேண்டும். வாசிப்பில் புரிதலை வளர்க்காமல் தேடலை மட்டும் வளர்த்த பயிற்சி கேட்டலில் வந்து அம்பலப்படுகிறது.

பால் நேஷன் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, உதவியின்றி நூல்களை வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும், பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்களும் தேவைப்படலாம் என்று மதிப்பிட்டது. நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்தக் கணக்கின்படி பேச்சுக்குத் தேவையான சொற்கள் குறைவு. ஆகவே ஓரளவு வாசிக்கத் தெரிந்த மாணவருக்குக் கேட்டலில் சொற்களின் தடை சிறியதாகவே இருக்க வேண்டும். நடைமுறையில் வாசித்தலில் நல்ல மதிப்பெண் பெறுபவர்களே பேச்சைக் கேட்டுத் தவிக்கிறார்கள் என்றால், அவர்களிடம் சொல் இருக்கிறது, சொல்லின் ஒலியுருவம் இல்லை என்று பொருள்.

மதிப்பெண்ணைக் கூட்டினால் நிலைமை மாறும் என்று சிலர் கருதுகிறார்கள். தென்கொரியாவின் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தின் 45 வினாக்களில் 17 கேட்டல் வினாக்கள். அவை நடக்கும் நேரத்தில் நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படுகின்றன. ஜப்பானில் 2021இல் தொடங்கிய பொதுத் தேர்வு வாசித்தலுக்கு 100, கேட்டலுக்கு 100 எனச் சமமாகவே பிரித்தது. ஒவ்வொரு தேர்வருக்கும் தனித்தனி ஒலிக்கருவி தரப்படுகிறது. ஒரு நாடு செவிக்குத் தரும் மதிப்பை இவை காட்டுகின்றன. ஆயினும் இந்தியா இவற்றைப் பெயர்த்துக்கொண்டு வந்தால், நல்ல ஒலிக்கருவி உள்ள பள்ளிக்கும் மின்விசிறியே இல்லாத பள்ளிக்கும் இடையிலுள்ள பள்ளம் மதிப்பெண் பட்டியலில் அப்படியே பதிவாகும். கேட்டல் தந்திரங்களை விற்கும் பயிற்சி நிலையங்களும் உடனே முளைக்கும். செவிப்புலன் குறைந்த மாணவர்களின் நிலையையும் எண்ண வேண்டும். இங்குள்ள போக்கோ எதிர்த்திசையில் இருக்கிறது. 2022இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் முழுவதும் கணினித் திரையில் வாசித்து விடை தேர்வதுதான். காதுக்கு அங்கே வேலையே இல்லை. அதில் தேறி வரும் மாணவருக்கு முதல் வாரத்திலேயே நாள்தோறும் நான்கைந்து மணிநேர ஆங்கில விரிவுரை காத்திருக்கிறது.

இழப்பு அங்கேதான் நேர்கிறது, அதுவும் எல்லோருக்கும் சமமாக நேர்வதில்லை. வீட்டில் ஆங்கிலம் ஒலிக்கும் மாணவருக்குப் பள்ளி கேட்டலைக் கற்பிக்காததால் குறையொன்றும் இல்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவருக்கு வகுப்பறை ஒன்றே ஆங்கிலம் கேட்கும் இடம். அங்கும் ஆங்கிலம் எழுத்தாகவே வந்தது. விரிவுரையில் பாதி புரியாதபோது அவர் கேள்வி கேட்பதை நிறுத்துகிறார். பிறகு பாடம் புரியவில்லை என்று நினைக்கிறார். பிறகு தமக்கு அறிவு போதவில்லை என்று நினைக்கத் தொடங்குகிறார். ஆசிரியர்களும் அவ்வாறே நினைத்துவிடுவதுண்டு. தேய்ந்துபோன ஓர் உயிரொலியைப் பற்றி யாரும் சொல்லித் தராததற்கு ஒரு மாணவர் தரும் விலை இது. தமிழில் ‘கேள்வி’ என்ற சொல்லுக்கு வினா என்றும் செவிவழிப் பெறும் அறிவு என்றும் இரு பொருள் உண்டு. திருக்குறளில் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்த அதிகாரமே அதுதான். தேர்வுக்கூடம் முதற்பொருளை மட்டும் வைத்துக்கொண்டது.

செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. தொடக்கப் பள்ளியோடு கைவிடப்பட்ட ‘சொல்வதெழுதுதல்’ மேல்நிலை வகுப்புக்குத் திரும்பலாம், ஆனால் சொல் சொல்லாக வேண்டாம். வாரம் ஒரு பாடவேளை. ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தியறிக்கையிலிருந்தோ ஓர் உரையாடலிலிருந்தோ ஒரு நிமிடப் பகுதி. வேகத்தைக் குறைக்காமல் மூன்று முறை ஒலிக்கட்டும். கேட்டதைக் கேட்டவாறே மாணவர்கள் எழுதட்டும். தவறாகக் கேட்டதையும் அடித்துத் திருத்தாமல் விட்டுவைக்கட்டும். மதிப்பெண் வேண்டாம். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் முப்பது பேர் ஒரே இடத்தில் தடுக்கியிருந்தால் அன்றைய பாடம் அந்த இடம்தான். அங்கே எந்த ஒலி தேய்ந்தது, எது எதனோடு சேர்ந்தது என்று கரும்பலகையில் காட்டினால் போதும். அதே பகுதியை அடுத்த நாள் வாசித்தல் பாடமாகவும் கொள்ளலாம். கைப்பேசி ஒன்றும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் இது நடக்கும். எழுத்துப்படி மட்டும் மூன்றாம் முறை ஒலித்து முடியும்வரை ஆசிரியரின் மேசை இழுப்பறைக்குள் இருக்கட்டும்.